வெள்ளி பார்க்க வந்தவர்

திங்கட்கிழமை காலையில் பஸ்ஸைத் தவறவிட்டு அலுத்துக்கொள்கிறவரா நீங்கள்? கியோம் லெ ஜான்தீயின் கதையைக் கேளுங்கள்.

சூரியனை வெள்ளி கிரகம் கடப்பதை அளக்க, பாண்டிச்சேரிக்குக் கப்பலேறிய பிரெஞ்சு வானியலாளர் அவர். வந்து சேர்வதற்குள் ஊரைப் பிரிட்டிஷார் பிடித்துவிட்டார்கள். 1761-ல் ஆடுகிற கப்பலிலிருந்து வேடிக்கைதான் பார்க்க முடிந்தது. அடுத்த வாய்ப்பு 1769. அதையும் விட்டால் 1874! எட்டு வருடம் காத்திருந்தார். பாண்டிச்சேரியில், சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. 1771-ல் வீடு திரும்பினால், 'ஆள் போய்ட்டார்' என்று சொந்தக்காரர்கள் சொத்துக்கு அடிபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாமே வீணா? இல்லை. பாண்டிச்சேரியில் ஒரு தமிழரிடம், சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கக் கற்றுக்கொண்டார். 1765 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழர் கணக்கின் பிசகு 41 வினாடி. ஐரோப்பிய அட்டவணையின் பிசகு 68 வினாடி! இதை எழுதிவைத்தவரும் அவர்தான்.

பஸ் போனால் போகட்டும், விடுங்கள்!