ஜி.டி.ஓ – ஒரு டகால்டி வண்டியின் வரலாறு

இங்கே அமெரிக்காவில் பழைய கார் விற்பனை விளம்பரங்களைப் படிப்பது செலவில்லாத பொழுதுபோக்கு (வாங்கவா போறோம்!). அதில் புதுப்பித்த 1964 பாண்டியாக் ஜி.டி.ஓ எது வந்தாலும் ஒரு விஷயத்தை மறக்காம அடிச்சுச் சொல்லியிருப்பாங்க. இது அசல் ஜி.டி.ஓ, கையில் ஆவணம் இருக்குன்னு. வண்டிதான் கண்ணெதிரே நிக்குதே, அப்புறம் எதுக்கு இந்தச் சத்தியம்? அதைத் தெரிஞ்சுக்க வண்டி பிறந்த கதைக்குப் போகணும்.

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை, தன் கம்பெனிகள் எதுவும் கார் பந்தயத்தில் தலையிடக் கூடாதுன்னு தடை போட்டது. பந்தயத்தில் ஜெயிச்சே பேர் வாங்கின பாண்டியாக்குக்கு இது பெரிய அடி. அதோடு இன்னொரு விதியும் இருந்தது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு (சுமார் 5.4 லிட்டர்) மேல் இன்ஜின் வைக்கக் கூடாது.

பாண்டியாக்கில் அப்போ தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியன். பின்னாளில் 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் வர்ற காரைத் தயாரிச்சவர் இவர்தான். பில் காலின்ஸ், ரஸ்ஸல் கீ என்ற பொறியாளர்களோடு சேர்ந்து விதியில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சார். புது மாடல்னா தலைமையிடம் அனுமதி வாங்கணும். இருக்கிற மாடலுக்குக் கூடுதல் வசதி (ஆப்ஷன்) கொடுக்க அனுமதி தேவையில்லை. நீ தடுக்குல புகுந்தா நான் கோலத்துல புகுவேன்னு, பெரிய காருக்கான 389 கன அங்குல (6.4 லிட்டர்) இன்ஜினைத் தூக்கி டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் வெச்சு, 295 டாலர் 'ஆப்ஷன்'னு சொல்லிட்டாங்க. சாதாரண இன்ஜினுக்கு 325 குதிரைசக்தி, மூணு கார்புரேட்டர் வெச்சதுக்கு 348.

பேரும் கடன் வாங்கினதுதான். ஜி.டி.ஓ என்பது ஃபெராரியின் 250 ஜி.டி.ஓவிலிருந்து சுட்டது. 'கிரான் டூரிஸ்மோ ஒமோலொகாட்டோ', அதாவது பந்தயத்துக்கு அங்கீகரிக்கப்பட்டதுன்னு அர்த்தம். பந்தயமே கூடாதுன்னு சொன்ன கம்பெனி வண்டிக்கு இந்தப் பேர்! பானெட் மேலே காத்து வாங்குற மாதிரி ரெண்டு துவாரம் இருக்கும். 1964 வண்டியில் அதுவும் வெறும் அலங்காரம், உள்ளே அடைப்பு.

டகால்டி இத்தோட நிக்கலை. 1964 மார்ச் 'கார் அண்ட் டிரைவர்' இதழில் ஜி.டி.ஓ 4.6 விநாடியில் 60 மைல் வேகம் தொட்டதா எழுதினாங்க. வண்டியின் புகழுக்குப் பெரிய காரணம் அந்தக் கட்டுரை. சோதனைக்குக் கொடுத்த வண்டிகளில் ஒண்ணில் 389க்குப் பதிலா, வெளியே பார்க்க அதே மாதிரி இருக்கிற 421 இன்ஜினை மாத்தி வெச்சிருந்ததை, விளம்பரத்தைக் கவனிச்ச ஜிம் வாங்கர்ஸ் ரொம்ப வருஷம் கழிச்சு ஒத்துக்கிட்டார்.

5,000 வண்டி போனா அதிகம்னு நினைச்சது, முதல் வருஷமே 32,450 வித்தது. அடிப்படை விலை 3,000 டாலருக்குள்ள. ஃபெராரியை எட்டிப் பார்க்கக்கூட முடியாத இளைஞர்கள் வாங்கினாங்க. 1966இல் ஜி.டி.ஓ தனி மாடல் ஆச்சு, அந்த வருஷம் 96,946. அப்புறம் இன்சூரன்ஸ் கட்டணம், புகைக் கட்டுப்பாடு, 1973 எண்ணெய் நெருக்கடின்னு வரிசையா அடி. 1974ஓடு அந்த வரிசை முடிஞ்சது. 2004இல் ஆஸ்திரேலிய ஹோல்டன் காருக்கு இதே பேரை வெச்சுப் பார்த்தாங்க, ரெண்டு வருஷத்தில் அதுவும் போச்சு. 2010இல் பாண்டியாக்கே இல்லை.

இப்போ விளம்பரத்துக்கு வருவோம். 'ஆப்ஷன்' என்பதால் 1964, 1965 வண்டிகளின் அடையாள எண்ணில் ஜி.டி.ஓன்னு எந்தக் குறிப்பும் கிடையாது. சாதாரண லெமான்ஸுக்கும் அதே வரிசைதான். தகடு, முத்திரை, இருக்கைத் துணி எல்லாம் இன்னிக்குப் புதுசாக் கிடைக்குது. ஒரு லெமான்ஸை வாங்கி நாலு பேட்ஜ் ஒட்டி, 389 இன்ஜின் மாட்டினா ஜி.டி.ஓ ரெடி. அதனாலதான் ஆலையிலிருந்து வண்டி கிளம்பினபோது போட்ட பில்லின் நகலை 'பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்' மாதிரி இடத்தில் காசு கொடுத்து வாங்கி, இன்ஜினில் பொறிச்ச குறியீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க. ஊரில் மனை வாங்கும்போது மூலப்பத்திரம் கேக்கிற கதைதான்.

தலைமையை ஏமாத்தப் போட்ட அந்த 295 டாலர் வரிதான் இன்னிக்கு வண்டியின் ஒரே நேர்மையான சாட்சி. நல்லாப் புதுப்பிச்ச வண்டியில் தகடு, பெயின்ட், கண்ணாடி பாதிக்கு மேல் புதுசு. மாறாதது அந்தக் காகிதம் மட்டும்தான்.

என்னைக் கேட்டா, லெமான்ஸை மாத்திக் கட்டி, மாத்தினதுன்னு சொல்லி விக்கிறதில் தப்பே இல்லை. டெலோரியன் செஞ்சதும் அதானே! மறைச்சு வித்தாத்தான் மோசடி. ரெண்டும் ஒரே வேகத்தில் ஓடும்போது, காகிதத்துக்காக நீங்க கூடுதல் காசு கொடுப்பீங்களா?