திருகும் நெம்புகோலும்: பாரம் கட்டும் சங்கிலியின் வரலாறு

பெங்களூருவின் வடகிழக்கில், லிங்கராஜபுரத்துக்கு அருகே செல்லும் ஜோலார்பேட்டை இருப்புப்பாதையை மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1864இல் திறந்தது. பாரத்தின்மேல் வீசிய கயிற்றின் நடுவே கோலைச் செருகி முறுக்கி இறுக்கும் மாட்டுவண்டி வழக்கம் நிலவிய அக்காலத்தில், ரயிலோடு வேறொரு இறுக்கும் பொறியும் இந்நாட்டுக்கு வந்தது. லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில்வேயைச் சேர்ந்த ஹென்றி பூத் 1836இல் உருவாக்கிய திருகு இணைப்பியே அது. ஒரு முனையில் வலப்புரியும் மறுமுனையில் இடப்புரியும் வெட்டிய தண்டைத் திருப்பினால் இருபுறக் கொளுவிகளும் ஒன்றையொன்று நெருங்கும். விடுபட்ட கோல் சுழன்று அவிழும் அச்சம் இதில் இல்லை.

இதே பாதையில் கிழக்கே, 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து கிளைப்பாதை பெற்ற கோலார் தங்கவயலில், 1964இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனம் பின்னாளில் மண்வாரி இயந்திரங்களைச் செய்தது. புல்டோசர் போன்றவற்றைத் தாழ்தள டிரெய்லரில் ஏற்றிச் செல்லக் கயிறு போதாது, சங்கிலி வேண்டும். சங்கிலியை இழுத்துப் பிடிக்க பைண்டர் எனும் இறுக்கி வேண்டும்.

இறுக்கி இருவகைப்படும். நெம்புகோல் வகையில் பிடியை ஒரே வீச்சில் மறுபுறம் மடக்கினால் சங்கிலி விறைக்கும். விலை குறைவு, வேலை விரைவு. ஆனால் அந்த விறைப்பு முழுவதும் பிடியில் தேங்கியிருப்பதால், அவிழ்க்கும்போது அது தெறித்துத் தாடையையோ கையையோ உடைக்கக்கூடும். பிடியில் இரும்புக் குழாயை மாட்டி நீட்டுவோர் அந்த ஆபத்தைப் பெருக்குகின்றனர். ராட்செட் வகை, பூத்தின் இருபுரித் திருகையே பல்சக்கரத்தோடு சேர்த்துச் சிறிது சிறிதாக இறுக்குவது. நேரம் கூடுதலாகப் பிடிக்கும், எனினும் கனரக பாரத்துக்கு இதுவே தக்கது.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது வேலைப் பளு வரம்பு, அதாவது அன்றாடப் பயன்பாட்டில் தாண்டக்கூடாத சுமை. கிரேடு 70 எனப்படும் எஃகுச் சங்கிலி 3/8 அங்குலப் பருமனில் ஏறத்தாழ 3 டன் தாங்கும். இறுக்கியின் வரம்பு அதற்குக் குறைந்தால், கட்டின் வலிமையும் இறுக்கியின் அளவே. அமெரிக்க விதி, கட்டுகளின் மொத்த வரம்பு சரக்கின் எடையில் பாதியேனும் இருக்க வேண்டும் என்கிறது. 20 டன் இயந்திரத்துக்கு நான்கு சங்கிலிகள் என்பது இக்கணக்கிலேயே வருகிறது. சில கிலோமீட்டர் ஓடியதும் சரக்கு அமர்ந்து சங்கிலி தளரும் என்பதால், வண்டியை நிறுத்தி மீண்டும் இறுக்குவதும் இத்தொழிலின் பகுதியே.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், சரக்கு அனுமதித்த வரம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அப்பிரிவு நீட்சியை அளக்கிறதேயன்றிக் கட்டின் வலிமையை அளப்பதில்லை.