“ஆய்வு” என்ற பெயரில் புதைத்த ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம் பீப்பாய்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

உப்பு என்றதும் எங்களுக்குப் புத்தளத்து உப்பளம்தான் ஞாபகத்துக்கு வரும். ஜேர்மனியில் உப்பு நிலத்துக்கு அடியில் கிடக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடலின் உப்பு அது. சுரங்கம் தோண்டித்தான் எடுத்தார்கள். அந்த நாட்டின் கீழ் சாக்சனி மாநிலத்தில், வொல்ஃபன்பியூட்டல் நகருக்குப் பக்கத்தில் அஸ்ஸே என்றொரு குன்று இருக்கிறது. அங்குள்ள “அஸ்ஸே 2” சுரங்கத்தில் 1964 வரை உப்பு எடுத்தார்கள். பிறகு மூடினார்கள்.

அடுத்த ஆண்டே, 1965இல், அரசாங்கம் அந்தச் சுரங்கத்தை வாங்கியது. அணுமின் காலம் தொடங்கியிருந்தது. கதிர்த்தொழிற்பாட்டுக் கழிவை எங்கே போடுவது என்ற கேள்வியும் கூடவே வந்தது. உப்புப் பாறை காய்ந்தது, உள்ளே நீர் இருக்காது, காலப்போக்கில் தானாக நெருங்கி வெடிப்புகளை மூடிக்கொள்ளும் என்று சொன்னார்கள். பொதுவாகப் பார்த்தால் அது பிழையான விஞ்ஞானமும் இல்லை. ஆனால் அருகிலிருந்த அஸ்ஸே 1 சுரங்கம் 1906இலேயே நீர் புகுந்து மூழ்கியிருந்தது. அந்தப் பாடம் கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது.

1967 முதல் 1978 வரை 125,787 பீப்பாய்களும் கொள்கலன்களும் உள்ளே இறக்கப்பட்டன. மொத்தம் ஏறத்தாழ 47,000 கன மீற்றர். ஆரம்பத்தில் ஒழுங்காக அடுக்கினார்கள். பின்னர், தொழிலாளர்மீது படும் கதிர்வீச்சைக் குறைக்க வேண்டும் என்று, வாகனத்தால் சரிவில் கொட்டி மேலே உப்பைப் போட்டு மூடினார்கள். அடுக்கியதைத் திரும்ப எடுக்கலாம். கொட்டியதை எப்படி எடுப்பது?

இனி இந்த வரலாற்றின் முக்கியமான இடத்துக்கு வருவோம். இத்தனை வேலையும் நடந்தது “ஆய்வு” என்ற பெயரில். சுரங்கத்தை நடத்தியது அரச ஆய்வு நிறுவனம் ஒன்று. மேற்பார்வை செய்தது சுரங்கச் சட்டத்தின் கீழ் இயங்கிய அலுவலகம். சுரங்க அதிகாரி கூரை இடிந்து விழுமா, தொழிலாளிக்குக் காற்று போதுமா என்று பார்ப்பவர். பல்லாயிரம் ஆண்டுகளுக்குக் கழிவு வெளியே வராமல் இருக்குமா என்று கேட்பது அவருடைய வேலையாக இருக்கவில்லை. 1976இல் அணுச் சட்டம் திருத்தப்பட்டு, கழிவுக் கிடங்குக்குப் பகிரங்க விசாரணையுடன் கூடிய முழுமையான அனுமதி வேண்டும் என்றானது. அஸ்ஸேயின் பழைய அனுமதி 1978 முடிவில் காலாவதியானது. புதுக் கழிவு வருவது நின்றது. ஏற்கெனவே உள்ளே கிடந்த கழிவோ பழைய சட்டத்தின் நிழலிலேயே இன்னும் முப்பது ஆண்டுகள் கிடந்தது.

எச்சரித்தவர்கள் இல்லாமலில்லை. ஹான்ஸ்-ஹெல்கே யூர்கன்ஸ் என்ற பொறியியலாளர் 1979இலேயே, சுரங்கம் உறுதியாக இல்லை, நீர் புகும் என்று எழுதினார். அவர் சொல்லை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1988 முதல் உப்பு நீர் உள்ளே வரத் தொடங்கியது. பின்னர் அது நாளொன்றுக்குச் சுமார் 12 கன மீற்றர், அதாவது 12,000 லீற்றர் என்ற அளவில் இருந்தது.

2008இல்தான் விடயம் வெடித்தது. சுரங்கத்துக்குள் சீசியம்-137 கலந்த உப்பு நீர் இருப்பது நடத்தியவர்களுக்குப் பல ஆண்டுகளாகவே தெரியும் என்பதை மக்கள் அந்த ஆண்டுதான் அறிந்தார்கள். 2009 ஜனவரி 1ஆம் திகதி பொறுப்பு கூட்டாட்சிக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது; அணுச் சட்டமும் அன்றிலிருந்தே பொருந்தியது. அதே ஆண்டில் கணக்கைத் திரும்பப் பார்த்தபோது, உள்ளே இருந்த புளூட்டோனியம் முன்னர் சொன்னதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, சுமார் 28 கிலோ என்று தெரியவந்தது. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் வேண்டும். வைத்தவர்கள் முப்பது ஆண்டுகளில் கணக்கையே தவறவிட்டிருந்தார்கள்.

2013இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, கழிவு முழுவதையும் வெளியே எடுத்த பின்னரே சுரங்கத்தை மூட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வேலையை 2033இல் ஆரம்பிப்பது என்று திட்டமிட்டார்கள். போட்டது பதினோரு ஆண்டுகளில். எடுப்பதற்கு ஆயத்தமாகவே இருபது ஆண்டுகள்.

இந்த அனுபவத்திலிருந்து ஜேர்மனி படித்தும் இருக்கிறது. உயர் கதிர்த்தொழிற்பாட்டுக் கழிவுக்கு இடம் தேடும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில், கிடங்கைக் கட்டுபவர் ஒருவர், அவரை மேற்பார்வை செய்பவர் வேறொருவர். பத்து இலட்சம் ஆண்டுகளுக்குப் பாதுகாப்பைக் காட்ட வேண்டும். மூடிய பின்னும் 500 ஆண்டுகளுக்குக் கழிவை மீட்டெடுக்க வழி இருக்க வேண்டும். “நாங்களும் பிழை விடலாம்” என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைத்த மாதிரி இது.

எங்கள் நாட்டில் அணு உலை இல்லை. ஆனாலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் கைத்தொழிலுக்கும் கதிர்மூலங்களைப் பாவிக்கிறோம். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம், அணுசக்தியை வளர்க்கும் சபையையும் அதை ஒழுங்குபடுத்தும் பேரவையையும் இரண்டாகப் பிரித்தது. பலருக்கு இது வெறும் நிர்வாக மாற்றமாகத் தெரியும். அஸ்ஸேயின் கதையை அறிந்தவருக்கு அந்தப் பிரிப்பின் பெறுமதி விளங்கும்.

வகுப்பில் ஒரு பிள்ளை தன் விடைத்தாளுக்குத் தானே புள்ளி போட நாங்கள் விடுவதில்லை. அந்தப் பிள்ளை கள்ளன் என்பதற்காக அல்ல. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக.

இன்னும் பிறக்காதவர்களின் அமானிதம் அந்தச் சுரங்கத்தில் கிடக்கிறது. கேள்வி கேட்க அவர்களால் வர முடியாது. அவர்கள் சார்பில் கேட்பதற்குத்தான் மேற்பார்வை என்ற ஒன்று இருக்கிறது.