அம்புலன்ஸ் வருமுன்

ஒரு சின்ன ஊர் வைத்தியசாலை. இரவு இரண்டு மணி. குறைமாதத்தில் ஒரு குழந்தை பிறந்துவிட்டது. மூச்சு விடக் கஷ்டப்படுகிறது. பெரிய வைத்தியசாலையிலிருந்து ஆட்கள் வந்து சேர மூன்று மணித்தியாலம். அங்கே நிற்கும் தாதி இப்படியொரு குழந்தையை வருடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறார். கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ வளர்ந்த உங்களுக்கு இந்தத் தூரங்கள் தெரியும். அந்த மூன்று மணித்தியாலத்தில் என்ன செய்வது?

முதல் விடை மிகச் சாதாரணமானது: சூடு. 1958இல் நியூயோர்க் மருத்துவர் வில்லியம் சில்வர்மனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இன்குபேட்டரின் வெப்பத்தை ஏறக்குறைய மூன்று பாகை கூட்டியதும், நூறு குறைமாதக் குழந்தைகளில் சுமார் 15 பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள். வேறு மருந்தே இல்லை! "பிள்ளையின்ர தலையை மூடு" என்று அம்மம்மா ஏன் கத்துவா என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

கணினி வேறு வாசலால் வந்தது. 1970களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷோர்ட்லிஃப் 'மைசின்' என்ற நிரலை எழுதினார். கடுமையான தொற்றுகளுக்கு எந்த அன்டிபயோட்டிக் கொடுக்கலாம் என்று அது சொல்லும். "ஏன் இந்தக் கேள்வியைக் கேட்கிறாய்?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் காரணமும் சொல்லும். 1979இல் வெளியான சோதனையில் அதன் ஆலோசனைகள் அங்குள்ள பேராசிரியர்களுடையவற்றுக்குச் சளைக்கவில்லை. ஆனாலும் அது எந்த வார்ட்டிலும் நோயாளிகளுக்குப் பயன்படவில்லை. விவரங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யவேண்டும். அவசரத்தில் யார் செய்வது?

அதனால் இந்தச் சிசுக்களின் விஷயத்தில் வென்றது கணினியல்ல, ஒரு சொல். 1996இல் அமெரிக்கத் தாதி கிறிஸ்டீன் கார்ல்சன் 'ஸ்டேபிள்' என்ற பயிற்சியை உருவாக்கினார். ஆங்கிலத்தில் ஆறு எழுத்து, ஆறு வேலை: இரத்தச் சர்க்கரை, உடல்வெப்பம், மூச்சுப்பாதை, இரத்த அழுத்தம், ஆய்வுகூடச் சோதனை, பெற்றோருக்கு ஆறுதல். கடைசி எழுத்துத்தான் எனக்குப் பிடித்தது. குழந்தையை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தாய் கட்டிலிலேயே கிடப்பார்.

2001இல் கனடாவில் ஷூ லீயும் குழுவினரும் 'டிரிப்ஸ்' என்ற மதிப்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வெப்பம், மூச்சு, இரத்த அழுத்தம், தொட்டுத் தூண்டினால் குழந்தை காட்டும் எதிர்வினை என்று நான்கே விஷயங்கள். பயணத்துக்கு முன்னும் பின்னும் கணக்குப் போட்டால் குழந்தையின் நிலை தேறியதா, மோசமானதா என்று தெரியும்.

இதயத்துடிப்பைக் கணினி இடைவிடாமல் கவனிக்கும் 'ஹீரோ' கருவியின் முடிவுகள் 2011இல் வந்தன. மிகக் குறைந்த எடையுள்ள 3003 குழந்தைகள். ஒரு பாதியினருக்கு மட்டும் ஆபத்து எண்ணைத் திரையில் காட்டினார்கள். காட்டாத பக்கம் இறப்பு 10.2 சதவீதம், காட்டிய பக்கம் 8.1. இன்ன மருந்தைக் கொடு என்று அது சொல்லவேயில்லை. எண்ணைப் பார்த்த யாரோ எழும்பிப் போய்க் குழந்தையைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அது பெரிய வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு. சின்ன ஊரில் இரவு இரண்டு மணிக்கு இருப்பது வெப்பமானி, சர்க்கரை பார்க்கும் கருவி, ஒரு தொலைபேசி. அந்தத் தாதி முதலில் எடுப்பது வெப்பமானியை.