மாக்னெட்டோவும் டைனமோவும்

தொடக்கக் காலத்து மோட்டார் வண்டிக்கு மின்சாரம் பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் தேவைப்பட்டது. பெட்ரோல் ஆவியைக் கொளுத்தும் பொறிக்கு. விளக்குகள் அசிட்டிலீன் வாயுவால் எரிந்தன; எஞ்சினைக் கிளப்ப மனிதன் கைப்பிடியைச் சுழற்றினான்.

அந்த ஒரு வேலைக்கு மாக்னெட்டோவே போதும். 1908-ல் வெளிவந்த போர்டு 'டி' வண்டியில் அது எத்துணை எளிமையாக அமைந்திருந்தது! எஞ்சினின் சமன் சக்கரத்திலேயே 16 காந்தங்கள். எதிரே அசையாத கம்பிச் சுருள்கள். 1915-ல் முகப்பு விளக்குகளையும் இதனோடு இணைத்தனர். வந்தது தொல்லை. எஞ்சின் விரைந்தால் விளக்கு ஒளிரும். வண்டி சேற்றில் ஊர்கையில், ஒளி மிகவும் வேண்டிய அவ்வேளையில், மங்கும்.

அம்மின்சாரத்தைச் சேமித்து வைக்கலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். மாக்னெட்டோ தருவது மாறுதிசை மின்னோட்டம். பாட்டரியோ ஒருதிசை மின்னோட்டத்தையே ஏற்கும்.

1912-ம் ஆண்டுக் காடிலாக் வண்டிக்குச் சார்லஸ் கெட்டரிங் குழுவினர் அமைத்த பொறி வேறு வழியிற் சென்றது. பாட்டரியின் வலிமையால் அது எஞ்சினைக் கிளப்பும். எஞ்சின் ஓடியதும் தானே டைனமோவாகிப் பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும். கைப்பிடி பின்னுதைத்து மணிக்கட்டை முறித்த காலத்தில் இதனை வரமென்றே நான் சொல்வேன். 1919-ல் போர்டு நிறுவனமும் டைனமோவுக்கு இணங்கியது.

ஆனால் டைனமோவின் கரித்தூரிகைகள் தேயும். எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அது சோர்ந்துவிடும். 1960-ம் ஆண்டு வேலியன்ட் வண்டியில் கிரைஸ்லர் நிறுவனம் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. ஒதுக்கப்பட்ட மாறுதிசை மின்னோட்டமே மீண்டும் வந்தது. இம்முறை அதனைப் பாட்டரிக்கு ஏற்றவாறு திருத்தித் தரச் சிலிக்கான் டயோடுகள் இருந்தன.