தர்மபுரியில் ஒரு படை அதிகாரி: தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறையின் தோற்றமும்

தமிழ்நாட்டு வட்டாட்சியர் அலுவலகங்களில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகள் தணிக்கையாகின்றன. பட்டா மாற்றம் கேட்டு உழவர்கள் மனுக்களோடு வருகிறார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல் அரசும் உழவரும் நேரடியாகக் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையே ரயத்துவாரி என்கிறோம். இது உருப்பெற்ற இடம் சென்னைக் கோட்டை அன்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் போன்ற சிற்றூர்களில் ஏழாண்டுகள் தங்கிப் பணிபுரிந்த சில படை அதிகாரிகளின் அனுபவத்தில் அது விளைந்தது. அந்த முறையின் வலிமையும் குறையும் இந்தப் பிறப்பிலிருந்தே வந்தவை என்பதை அவர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோவின் பணிவாழ்வைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

படையிலிருந்து வருவாய்க்கு

மன்றோ 1761-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். தந்தை வர்ஜீனியாப் புகையிலை வணிகர். அமெரிக்க விடுதலைப் போரால் நொடித்துப்போனார். 1780 ஜனவரியில் மன்றோ கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படைப் பயிற்சி வீரராகச் சென்னையில் வந்திறங்கினார். அந்த ஆண்டே ஹைதர் அலியுடன் போர் மூண்டது. போர் ஓய்ந்தபின் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். 1788-இல் ஆம்பூரில் கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உளவுத் துறையில் உதவியாளரானார். எல்லைப்புற ஊர்களின் வழித்தடம், தானிய இருப்பு, குடிகளின் மனநிலை ஆகியவற்றை விசாரித்து அறியும் பழக்கம் அங்கே வாய்த்தது.

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் அடங்கிய பாரமகாலும் சேலமும் கம்பெனி வசம் வந்தன. நாட்டு மொழி தெரியாத சென்னை சிவில் அதிகாரிகள்மீது கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸுக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே புதிய சீமையை ரீடிடம் ஒப்படைத்தார். மன்றோ, மக்லியாட், கிரஹாம் என்ற மூன்று படை அதிகாரிகள் அவருக்கு உதவியாளர்கள். நடுப்பகுதி மன்றோவின் பொறுப்பாக, தர்மபுரி அவருடைய இருப்பிடமாயிற்று.

பாரமகாலில் நடந்தது

தண்டலுக்கு அவர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஊரைக் குத்தகைக்கு விட்டுத் தொகையை வாங்கிக்கொள்வது ஒன்று. வயல் வயலாக அளந்து தீர்வை விதிப்பது மற்றொன்று. ரீடின் குழு அளந்தது. ஊர்க் கணக்கரான கர்ணம் எழுதிக் கொடுத்த கணக்கும் வயலில் நின்ற பயிரும் ஒத்துவராத ஊர்கள் பல. உழவரிடம் எவ்வளவு வாங்கப்படுகிறது, கஜானாவுக்கு எவ்வளவு வருகிறது என்பதைக் கூடாரத்தில் அமர்ந்து ஊர் ஊராகக் கேட்டாலன்றி அறிய முடியாது. மன்றோ ஆண்டின் பல மாதங்களைக் கூடாரத்திலேயே கழித்தார். தர்மபுரியில் தாமே உருவாக்கிய தோட்டத்தையும் அந்த மலைச்சூழலையும் பிரிய மனமின்றி அவர் எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன.

இப்படி உருவான ரயத்துவாரி முறையின் மூலவர் யார் என்பதையும் தெளிவுபடுத்த வேண்டும். பாடநூல்கள் மன்றோவின் பெயரையே சொல்கின்றன. ஆனால் சோதனையைத் தொடங்கியவர் ரீட். தொடக்கத்தில் குத்தகை ஏற்பாட்டில் சாய்ந்திருந்த அவர், 1796 டிசம்பர் 10 அறிவிப்பில் வேறு முடிவுக்கு வந்திருந்தார்: தீர்வை நிலத்தின்மேல் நிலையாக விதிக்கப்படும், எந்த நிலத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை உழவர் ஆண்டுதோறும் தீர்மானிக்கலாம். மன்றோவும் அந்த ஆண்டுகளில்தான் இதில் உறுதிப்பட்டார். கருத்து ரீடுடையது, அதற்காக முப்பதாண்டுகள் வாதாடி நிலைநிறுத்தியவர் மன்றோ.

சிற்றூர்ச் சோதனை மாகாணக் கொள்கையாதல்

மன்றோ 1799-இல் கன்னடச் சீமைக்கும், 1800-இல் பெல்லாரி, கடப்பை அடங்கிய தத்த மண்டலத்துக்கும் அனுப்பப்பட்டார். தத்த மண்டலத்தில் 1802 முதல் 1806 வரை நில அளவை நடந்தது. சங்கிலியின் நீளம் 33 அடி. ஒரு சங்கிலிச் சதுரம் ஒரு குண்டா. 40 குண்டா ஓர் ஏக்கர். நான்கு அளவைக்காரர்களோடு தொடங்கிய பணியில் பின்னர் நூறு பேர்வரை இருந்தனர்.

அதே காலத்தில் சேலத்தில் ரயத்துவாரி கைவிடப்பட்டது. நிலையான தீர்வைத் திட்டப்படி ஊர்கள் மிட்டாக்கள் என்ற வருவாய்ப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. மிகுதியான தீர்வையைக் கட்ட முடியாமல் மிட்டாதாரர் பலர் வீழ்ந்தனர். இந்தத் தோல்வியும் கம்பெனி ஆட்சி பற்றி 1812-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஐந்தாம் அறிக்கையும் மன்றோவின் வாதத்துக்கு வலுச் சேர்த்தன. 1820-இல் அவர் சென்னை ஆளுநரானபின் ரயத்துவாரி மாகாணத்தின் பொதுக் கொள்கையாயிற்று.

எல்லைகள்

ரயத்துவாரி உழவருக்கு அளித்த உரிமையை அதன் தீர்வைச் சுமை அரித்தது. இதை மன்றோவே உணர்ந்திருந்தார். 1807-இல் தத்த மண்டலத் தீர்வையில் 25 விழுக்காடும், கிணற்றுப் பாசன நிலத்துக்கு மேலும் 8 விழுக்காடும் குறைக்கும்படி பரிந்துரைத்தார். அரசு அப்போது ஏற்கவில்லை. மாறாக ஊர்க் குத்தகையைப் புகுத்தியது. நிலத்தை விட்டுவிடும் உரிமை ஏட்டில் இருந்தது. நடைமுறையில் வருவாய்ச் சிப்பந்திகளின் வற்புறுத்தலே வென்றது. வரி தண்டுவதற்காக உழவர்கள் வதைக்கப்பட்டதை 1855-இல் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழு அம்பலப்படுத்தியது.

இதைவிட ஆழமான குறை ஒன்றுண்டு. பட்டா நிலம் உடையவருக்கே கிடைத்தது. அந்த நிலத்தில் தலைமுறைகளாக உழைத்த பண்ணையாட்களின் பெயர் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. ஊரை அவ்வளவு நெருங்கிப் பார்த்த கண்ணுக்கும் சேரி உரிமையுள்ள குடியாகத் தென்படவில்லை. வருவாய் தேடிச் சென்ற பார்வை வரி கட்டுபவரையே கண்டது.

வரலாற்றாய்வாளர் பர்ட்டன் ஸ்டெய்ன் மன்றோவின் கொள்கையைப் படைத்தேவையோடும் பேரரசு கட்டும் நோக்கத்தோடும் இணைத்துப் பார்த்தது இதனால் பொருத்தமாகிறது. பாளையக்காரர், ஜமீன்தார் போன்ற இடைநிலை அதிகாரங்களை அகற்றினால் அரசின் கை உழவரின் வாசல்வரை நீளும். உழவருக்கான காப்பும் கம்பெனிக்கான பிடியும் அங்கே ஒன்றாகவே வந்தன.

முடிவுரை

ஆளுநரான பின்பும் மன்றோவின் முறை மாறவில்லை. 1822-இல் மாகாணத்தின் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாக 1826-இல் தொகுக்கப்பட்டது. கொள்கை வகுக்குமுன் உள்ளதை எண்ணிப் பார்ப்பது பாரமகாலில் படிந்த வழக்கம். 1827-இல் விடைபெறும் சுற்றுப்பயணமாகத் தத்த மண்டலத்துக்குச் சென்றவர், ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார்.

மன்றோவைத் தெய்வமாக்குவதும் வெறும் வரித் தண்டல்காரராக ஒதுக்குவதும் ஆய்வுக்கு உதவா. ஆள்பவர் ஊரில் தங்கி, மொழி கற்று, வயலை அளந்து அறிந்தால் ஆட்சி மேம்படும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. அந்த அறிவு யாருக்காகத் திரட்டப்படுகிறது என்பதை ஊராரே தீர்மானிக்க முடியாதவரை அது நீதியாகாது என்பதையும் அதே வாழ்வு காட்டுகிறது. நிலவுரிமை பற்றிய இன்றைய ஆய்வு இவ்விரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.