பீரோவில் கிடக்கும் கல்யாணக் கேசட்டுகள்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், அம்மா அப்பா கல்யாண கேசட் ரெண்டு கிடக்கு. டெக்கும் இல்ல. எடைக்குப் போட்டுடலாமா?" போட்டுவிடாதே என்று மட்டும் சொன்னேன். ஏன் என்பதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், வகுப்பில் உட்கார்ந்த பழக்கத்தில் படித்துவிடுங்கள்.

வீட்டு விசேஷங்களைப் படம் பிடிக்க கோடாக் கம்பெனி 1932-லேயே 8 மி.மீ. ஃபிலிமைக் கொண்டுவந்தது. 1965-ல் சூப்பர் 8 வந்தது. ஒரு சுருள் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும். கழுவ வேண்டும், திரை கட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும். நம் பக்கம் வசதியான சில வீடுகளைத் தாண்டி அது வரவில்லை. நமக்குக் கல்யாணம் என்றால் ஸ்டூடியோக்காரரின் கருப்பு வெள்ளை ஆல்பம்தான்.

மாற்றம் ஜப்பானிலிருந்து வந்தது. சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-ல், ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976-ல். நம் நாட்டில் 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் டி.வி. வந்தது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் ஊர் திரும்பும்போது டெக் கொண்டுவந்தார்கள். ஒரு ராத்திரிக்கு டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, தெருவே பாய் விரித்து விடிய விடிய மூன்று படம் பார்த்தது இப்போது ஐம்பதைத் தொட்டவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்த டெக் வீட்டுக்குள் வந்த பிறகுதான் கல்யாண வீடியோ வந்தது. தோளில் கேமரா, பக்கத்தில் லைட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு பையன், அவன் பின்னால் நீளும் வயர். அந்த வெளிச்சத்தின் சூட்டில் மணப்பெண்ணின் பவுடர் கரையும். தாலி கட்டும் நேரத்தில் முன்வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது வீடியோக்காரர் முதுகு மட்டும்தான்! பந்தியில் கேமராவைக் கண்டதும் இலையை மறைத்துத் தலை குனிந்துகொண்ட பெரியவர்கள் எத்தனை பேர். இன்று கேசட்டைப் போட்டால் எல்லோரும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது அந்தப் பந்தியைத்தான்.

எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. அது மிக்சிங். பூவுக்குள் பெண் முகம், இதயத்துக்குள் மாப்பிள்ளை முகம் என்பதெல்லாம் போகட்டும். படம் முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு, மண்டபத்தின் சத்தத்தை அழித்துவிட்டார்களே, அதுதான் தாங்கவில்லை. என் தங்கை கல்யாணம் 1988-ல் நடந்தது. எங்கள் அப்பா வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கைகூப்பி அழைக்கிறார். வாய் அசைகிறது, கேட்பது டூயட். மிக்சிங் செய்யாத மூலக் கேசட்டைக் கேட்டுப் போனபோது, ஸ்டூடியோவில் அதை அழித்து வேறொரு கல்யாணத்துக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். அப்பாவின் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. அவர் போய் முப்பது வருஷம் ஆகிறது.

இரண்டு வருஷம் முன் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் நாலு விநாடி மண்டபச் சத்தம் அப்படியே இருந்தது. "சாப்பிட்டுட்டுத்தான் போகணும், ஆமா" என்று அப்பா யாரிடமோ சொல்கிறார். தங்கை அதைத் தன் போனில் வைத்திருக்கிறாள்.

இனி கேசட்டின் சங்கதி. உள்ளே இருப்பது 12.7 மி.மீ. அகல பிளாஸ்டிக் நாடா, மேலே காந்தப் பொடிப் பூச்சு. டெக்குக்குள் ஓர் உருளை நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றி அதைப் படிக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படியும். அந்த நிலையில் டெக்கில் போட்டால் நாடாவும் போகும், ஹெட்டும் போகும். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்க எடுக்கப் படமும் மங்கும்.

நாடாவை விட மெஷின்தான் இப்போது பெரிய பிரச்சினை. ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு வி.எச்.எஸ். டெக் செய்வதை நிறுத்தியது. இன்று ஓடுபவை எல்லாம் பழைய டெக்குகள், ஹெட் மாற்றத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் வயதாகிவிட்டது. யுனெஸ்கோவும் உலக ஒலி ஒளிக் காப்பகங்களின் சங்கமும் 2019-லேயே, நாடாக்களை மாற்ற அதிக காலம் இல்லை, 2025-ஐ ஒட்டிக் கதவு மூடிவிடும் என்று எச்சரித்தன.

பிறகு வி.சி.டி., டி.வி.டி. என்று வந்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வி.சி.டி.யில் 74 நிமிஷம்தான் பிடிக்கும், எனவே ஒரு கல்யாணம் மூன்று தட்டானது. கடையில் எழுதித் தந்த தட்டுகளில் பதிவு ஒரு சாயப் பூச்சில் இருக்கிறது. வெயிலும் கீறலும் அதற்கு ஆகாது. எங்கள் வீட்டில் 1988 கேசட் ஓடுகிறது, 2004-ல் எழுதிய தட்டு ஓடவில்லை.

இப்போது எல்லோர் கையிலும் கேமரா. பேரனின் முதல் வருஷத்தில் எடுத்த வீடியோக்கள் ஆயிரத்தைத் தாண்டும். எங்கே என்று கேட்டால், "அந்த போன் தண்ணியில விழுந்துடுச்சு தாத்தா" என்கிறாள் பேத்தி. வாட்ஸ்அப்பில் அனுப்பியது இருக்கிறதே என்கிறார்கள். அது அளவைச் சுருக்கி அனுப்பிய நகல், மூலம் இல்லை.

கேசட் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யுங்கள். முதலில் கேசட்டின் முதுகுப்பக்கம் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். அதன்மேல் யாரும் தவறிப் பதிவு செய்ய முடியாது. படுக்க வைக்காமல் புத்தகம் போல நிற்க வையுங்கள். மூடியைத் தூக்கிப் பாருங்கள், வெள்ளை தெரிந்தால் ஓட்டாதீர்கள், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மாற்றக் கொடுக்கும்போது சத்தத்தை அழித்துப் பாட்டுப் போடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு மூன்று பிரதி: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். பெரியவர்கள் இருக்கும்போதே உட்காரவைத்து, படத்தில் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கேசட்டில் பந்தியில் இருக்கும் பதினோரு பேரை இப்போது அடையாளம் சொல்ல ஆளில்லை.

நன்றாக ஓடும் டெக் யாரிடமாவது இருந்தால் கீழே எழுதுங்கள். அந்த மாணவரை உங்களிடம் அனுப்புகிறேன்.